ஒட்டுப் போட்ட துணி - ஒரு சரித்திரப் பாடம்



ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் பாடம் நடத்தும் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை படியுங்கள். கடைசியில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, என் கல்யாணப் பட்டுப் புடவையை வெட்டிப் பாவாடையாகத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த அரக்குப் பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப்போய் இருபது வருடமாகப் பீரோவில் கிடந்தது. நல்லதாக இருந்த பாகத்தைப் பாவாடைக்கும், ஜரிகைக் கரையை ரவிக்கைக் கைக்கும் எடுத்துக்கொண்டாள். காதில் போட்டிருந்த ஜிமிக்கியும் அவளே செய்ததுதான். பிளாஸ்டிக் குமிழில் பசை தடவி, பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, ஓரத்தில் கல் ஒட்டி, கீழே முத்து தொங்கவிட்டிருந்தாள். எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்ததாம். இவள் தோழிகள், பிறர் உடுத்திய சட்டையைக்கூட விலைக்கு வாங்கி, பிரித்துத் தைத்து உடுத்துகிறார்கள். அதற்கு 'த்ரிஃப்ட்' என்று பெயர் சொல்கிறார்கள்.

பந்தியில் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏன்டி, புதுசு எடுக்க உங்க வீட்ல வசதி இல்லையா?" பேத்தி சிரித்துக்கொண்டே, "இது பாட்டி பட்டு, பெரியம்மா. கடையில கிடைக்காது" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு உறைக்கவில்லை. எனக்குத்தான் உறைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

இரண்டாம் உலகப் போரைப் பாடம் நடத்தும்போது ஹிட்லரையும் சர்ச்சிலையும் பற்றித்தான் பேசுவேன். அந்தப் போரில் ஊசி நூலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வகுப்பில் சொன்னதே இல்லை.

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவப் பண்டிகை நாள், கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அன்று காலை பிரிட்டனின் வர்த்தகத் துறைத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் அறிவித்தார்: இனித் துணிக்கும் ரேஷன். முன்கூட்டித் தெரிந்தால் ஜனங்கள் கடைக்கு ஓடி வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்று விஷயத்தை அவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்கள். துணிக்கான கூப்பன் புத்தகம்கூட அப்போது அச்சாகவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்ஜரின் கூப்பனையே துணிக்கும் கொடுக்கலாம் என்றார்கள்.

காரணம் எளிது. பஞ்சும் கம்பளியும் கப்பலில் வரவேண்டும். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள். ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு ஏதாவது ஒரு சீருடை வேண்டியிருந்தது. நெய்கிற ஆளும் ஆலையும் போருக்குத் தேவை.

முதல் வருடம் ஒருவருக்கு 66 கூப்பன். கோட்டு, உள்கோட்டு, பேன்ட் சேர்ந்த ஒரு சூட்டுக்கு 26 கூப்பன். ஆண்கள் ஷூவுக்கு 7. கணக்குப் போடுங்கள்: ஒரு சூட்டும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினால் 33. வருடக் கூப்பனில் சரிபாதி காலி! கூப்பனைக் கொடுத்தாலும் காசு தனியாகக் கொடுக்க வேண்டும். போகப் போக 66 என்பதும் குறைந்துகொண்டே வந்தது. போர் முடிந்த பிறகு, 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரை எட்டு மாதத்துக்கு வெறும் 24. இந்த ரேஷன் முழுதாக நீங்கியது 1949 மார்ச்சில்தான்.

1943இல் அரசாங்கமே ஒரு சிறு புத்தகம் போட்டது. 'இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தைத்து உடுத்து' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பூச்சி அரிக்காமல் கம்பளியைக் காப்பது, காலுறை ஓட்டையை நூலால் பின்னி அடைப்பது, பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அதே நூலில் புதிதாகப் பின்னுவது, பெரியவர் துணியில் குழந்தைக்கு உடுப்பு தைப்பது எல்லாம் இந்தப் பிரசாரத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டன. நைந்த படுக்கை விரிப்பை நடுவில் வெட்டி, தேயாத ஓரங்கள் இரண்டும் நடுவே வரும்படி சேர்த்துத் தைப்பார்கள். சட்டைக் காலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைப்பார்கள். நம் தெரு டெய்லர்கள் காலர் திருப்பிக் கொடுத்தது உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். இதற்கு லண்டனில் ஓர் அமைச்சகமே வேலை செய்திருக்கிறது!

குழந்தைகளுக்குச் சிறிதாகிப்போன துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு அளவில் எடுத்துவர, பெண்கள் தொண்டு அமைப்பினர் மாற்று மையங்கள் நடத்தினார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னலில் மாட்டும் கறுப்புத் துணிக்குக் கூப்பன் வேண்டாம் என்பதால் அதிலும் உடுப்பு தைத்தார்கள். பாராசூட் துணியில் உள்ளாடையும் கல்யாண கவுனும் உருவாயின. நைலான், பட்டுக் காலுறை கிடைக்காத பெண்கள் காலில் குழம்புக்கு நிறமூட்டும் பொடியைக் கரைத்துப் பூசி, பின்னங்காலில் புருவப் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்டார்கள்.

நகையும் அப்படித்தான். பாட்டில் மூடி, கார்க், பிலிம் சுருட்டும் கட்டை, கப் மாட்டும் கொக்கி ஆகியவற்றை வைத்துக் கழுத்துமாலையும் ஊசிப்பதக்கமும் செய்தார்கள். விமானக் கண்ணாடிக்குப் பயன்பட்ட பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் துண்டுகளை இழைத்து, சிப்பாய்கள் காதலிக்கும் மனைவிக்கும் பதக்கம் செய்து அனுப்பினார்கள். என் பேத்தியின் நூல் ஜிமிக்கிக்கு இவை எல்லாம் அக்கா முறை.

1947இல் இளவரசி எலிசபெத் கல்யாணம். அவருக்கும் கூப்பன்தான். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள், அவ்வளவே. நாட்டுப் பெண்கள் பலர் தங்கள் கூப்பனை அனுப்பிவைத்தார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். ஒட்டுப் போட்ட துணி உடுத்துவது அந்த நாட்டில் ஏன் அவமானமாக இல்லை? எல்லோரும் அதே ரேஷனில் இருந்தார்கள். ஒட்டுக்குக் காரணம் வறுமை என்று யாரும் நினைக்கவில்லை, போர் என்று நினைத்தார்கள். அதனால் ஒட்டு, தேசத்துக்குச் செய்த உதவி ஆகிவிட்டது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு, ஆசிரியை என்ற முறையில் மறைக்கக் கூடாது. கூப்பன் எல்லோருக்கும் சமம், பீரோ சமம் அல்ல. பணக்கார வீட்டில் போருக்கு முன்பே வாங்கிய கெட்டித் துணிகள் நிறைய இருந்தன. வெட்டித் தைக்கவும் மாற்றித் தைக்கவும் கையில் சரக்கு இருந்தது. ஏழை வீட்டில் இருந்ததே இரண்டு உடுப்பு, அதுவும் மட்டத் துணி. எதை வெட்டி எதைத் தைப்பது?

நம் ஊருக்கு வருவோம். அதே பேரரசு, அதே போர். இங்கே ஆலைகள் ராணுவத்துக்கு நெய்தன. ஜப்பான் துணி வருவது நின்றது. விலை எங்கோ போனது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. என் அம்மா அப்போது சிறுமி. 'கன்ட்ரோல் துணி' என்று கடைசிவரை சொல்வார். பாட்டி வரிசையில் நின்று வாங்கிய முரட்டுத் துணியில் ஒரு புடவை, அது கிழிந்தபின் இரண்டு பெண்களுக்குப் பாவாடை, அதுவும் கிழிந்தபின் தொட்டில், கடைசியில் அடுப்படிக் கரித்துணி. வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். பஞ்சத்தைத் தொடர்ந்து துணிப் பஞ்சமும் வந்து, உடுத்த ஒன்றும் இல்லாமல் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். லண்டன் பெண்ணுக்குப் பாராட்டு. நம் பாட்டிமார் ஒட்டைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம்.

எண்பதுகளில் ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்பு. யூனிஃபார்ம் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. ஒரு பெண் வளர்ந்துவிட்டாள், பாவாடை குட்டையாகிவிட்டது. அவள் அம்மா கீழே ஒரு சாண் அகலத்துக்கு வேறு நீலத்தில் பட்டை வைத்துத் தைத்திருந்தார். வெளுத்த நீலத்துக்குக் கீழே பளிச்சென்று வேறொரு நீலம். கழுத்தில் ஒரு மணிமாலை. காலண்டர் தாளை நீள முக்கோணமாக வெட்டி, ஊசியில் சுருட்டி, மைதாப் பசை ஒட்டி அவளே கோத்தது. அன்று பள்ளிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. நான் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, "இது யூனிஃபார்மா, கூத்துக்காரி வேஷமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. மாலையைக் கழற்றச் சொல்லி, கடைசி வரிசையில் உட்காரவைத்தேன்.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் வந்தாள், மாலை இல்லாமல். அதன்பின் என் வகுப்பில் ஒரு நாளும் கை தூக்கவில்லை. அந்தத் தையல் எவ்வளவு நேராக இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ராத்திரி விளக்கில் உட்கார்ந்து கையாலேயே தைத்திருப்பார். அந்த வருடமும் இரண்டாம் உலகப் போரை முழு மதிப்பெண் வாங்கும்படி நடத்தினேன்.

பந்தியில் அந்தப் பெரியம்மா கேட்டதற்கும் அன்று நான் கேட்டதற்கும் வித்தியாசம் இல்லை. பேத்தியால் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அவளுக்குப் புதுசு எடுக்க வசதி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இல்லை. வசதி உள்ளவர்கள் பழையதை உடுத்தினால் ரசனை, இல்லாதவர்கள் உடுத்தினால் கேலி என்றால், நாம் பார்ப்பது துணியை அல்ல.

அம்மா, உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா என்றும் தெரியாது. பட்டால், டீச்சர் செய்தது தப்பு. உன் அம்மா இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல். அந்தக் காகித மாலை அழகாகத்தான் இருந்தது.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒட்டுப் போட்ட உடுப்பைப் பார்த்தால், முதலில் தையலைப் பாருங்கள். பிறகு, தேவையானால், அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி எதை எதாக மாற்றித் தைத்தார்கள்? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்