ரேடியோ சொல்லக் கேட்டு ஊரே கை தூக்கிய கதை

இன்னைக்கு கொஞ்சம் வரலாறு. இழை நீளம்தான், பொறுமையா படிங்க.

மேல்பட்டாம்பாக்கத்துல அம்மா தனியா இருக்காங்க. நீங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்கீங்க. "முதியோருக்கான எளிய உடற்பயிற்சி"ன்னு ஒரு யூடியூப் லிங்க்கை வாட்ஸ்அப்புல அனுப்புறீங்க. "சரிப்பா, செய்றேன்"னு பதில் வருது. ரெண்டு நாள் செய்வாங்க. மூணாவது நாள் நின்னு போகும்.

தூரத்துல இருந்துகிட்டே ஒருத்தரை உடற்பயிற்சி செய்ய வைக்கிறது எப்படி? கிட்டத்தட்ட நூறு வருஷமா கேட்கப்படுற கேள்வி இது.

1925-ல் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் காலையில் ரேடியோவில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. காப்பீட்டுக் கம்பெனிக்கு இந்த வேலை எதுக்கு? பாலிசிதாரர் அதிக நாள் வாழ்ந்தால் பிரீமியம் அதிக நாள் வரும். அவ்வளவுதான் கணக்கு!

ஜப்பானில் அப்போது தபால் துறைதான் ஆயுள் காப்பீடும் நடத்தியது. அந்த அதிகாரிகள் இந்த யோசனையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1928 நவம்பர் 1-ம் தேதி "ராஜியோ தைசோ" ஒலிபரப்பானது. பியானோ இசை, எண்ணிக்கை சொல்லும் ஒரு குரல், சில நிமிஷம். கருவி எதுவும் வேண்டாம்.

பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் ரேடியோவைச் சுற்றிக் கூடி நின்று செய்தார்கள். கோடை விடுமுறையில் வரும் பிள்ளைகளுக்கு ஒரு அட்டை. தினமும் வந்தால் அதில் ஒரு முத்திரை.

போர்க்காலத்தில் அரசு இதை மக்களைக் கட்டுப்பாட்டில் வைக்கவும் பயன்படுத்தியது. அதனால் தோல்விக்குப் பிறகு ஒலிபரப்பு நின்றுபோனது. 1951-ல் புது அசைவுகளோடு திரும்பி வந்தது. இன்னைக்கும் காலை 6.30-க்கு என்எச்கே ரேடியோவில் வருது. பூங்காவுல கூடுறவங்கள்ல பெரும்பாலும் வயசானவங்க.

அந்த அசைவுகள்ல மந்திரம் எதுவும் இல்லைங்க. தினமும் அதே நேரம், அதே பாட்டு. வரலைன்னா "நேத்து ஏன் வரல?"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். நீங்க அனுப்புற லிங்க்ல இல்லாதது இதுதான்.

அப்போ செல்போன், டேப்லெட் எல்லாம் வீணா? இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 503 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2021-ல் பிஎம்ஜே இதழில் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே டேப்லெட் பார்த்து, உடல் சமநிலைக்கான பயிற்சி செய்தார்கள். இலக்கு வாரம் 2 மணி நேரம். முதல் வருஷ முடிவில் கீழே விழுவதில் பெரிய வித்தியாசம் தெரியலை. இரண்டு வருஷக் கணக்கில் பார்த்தால் விழுவது 16 சதவீதமும், விழுந்து அடிபடுவது 20 சதவீதமும் குறைவு.

வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா அறுவை சிகிச்சை, படுக்கை, படுக்கைப் புண், நிமோனியான்னு நீளும். அதுக்கப்புறம் பழையபடி நடக்காதவங்க நிறைய பேர். அதனால வெறும் நடைப்பயிற்சி போதாது. 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கு.

நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல "நடப்போம் நலம் பெறுவோம்" வந்தது. நல்ல திட்டம்தான். ஆனா மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை, முட்டி வலி இருக்குற அம்மாவுக்கு எங்கே ஆகும்? அவங்களுக்குப் பொருந்துறது 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்". அதுல தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

லிங்க் அனுப்புறதுக்குப் பதிலா தினமும் ஒரே நேரத்துல வீடியோ கால் போடுங்க. 10 நிமிஷம் நீங்களும் சேர்ந்து செய்யுங்க. பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிடச் சொல்லுங்க. சுவரோரமா ஒரு கனமான நாற்காலி, அதோட முதுகைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறதுல ஆரம்பிக்கலாம். ஈரத்தரை வேண்டாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.