செம்பா, அலுமினியமா? பழனி மலை அடிவாரத்து மோட்டார்களும் ஒரு பழைய கணக்கும்

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் பாதையில் நின்று பார்த்தால், மேகம் இல்லாத இரவில் பெரியகுளமும் தூரத்தில் மதுரையும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். பார்ப்பவர்கள் விளக்குகளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கீழே வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு போவது மோட்டார்களுக்கு. மில், பம்ப்செட், சிமென்ட் ஆலை என்று பட்டியல் நீளம். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கேபிள் வேண்டும். அது எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

மதுரையில் ஹார்வி சகோதரர்கள் 1892-ல் மில் தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அந்தக் கால மில்களில் ஒரே ஒரு பெரிய நீராவி என்ஜின் இருக்கும். அதன் சக்கரத்திலிருந்து பருத்திக் கயிறுகள் மாடிக்கு மாடி ஓடி, நீண்ட தண்டுகளைச் சுழற்றும். தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட். என்ஜின் நின்றால் மொத்த மில்லும் நிற்கும். சக்தியைக் கொண்டுபோனது கயிறு, கம்பி அல்ல!

அதை மாற்றியது பைக்காரா. நீலகிரியில் மூவாயிரம் அடிக்கு மேல் விழும் தண்ணீரை வைத்து 1932-ல் மின்சாரம் வந்தது. 66 கிலோவோல்ட் கம்பிகளில் அது கோவைக்கு இறங்கியது. கோவை மில்கள் அந்தப் பத்தாண்டில் மளமளவென்று பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு கம்பிகள் தெற்கே மதுரைப் பக்கமும் நீண்டன.

ஏன் இவ்வளவு பெரிய வோல்ட்டேஜ்? பதில் எளிது. ஒரே சக்தியை அதிக வோல்ட்டேஜில் அனுப்பினால் ஆம்பியர் குறையும். கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் இழப்பு கால்வாசி.

இதைப் பணக்கணக்காக மாற்றியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1881-ல் அவர் சொன்னது இதுதான். கம்பி தடித்தால் உலோகத்தின் விலை ஏறும். மெலிந்தால் வருடா வருடம் வீணாகும் மின்சாரத்தின் விலை ஏறும். உலோகத்தில் போட்ட முதலுக்கான வருட வட்டியும், வருட இழப்பின் விலையும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவு. கேட்டால் மளிகைக் கடைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனாலும் டெண்டரில் விலைப் பட்டியலை மட்டும் பார்த்து கேபிள் வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி, உலோகத்துக்கு வருவோம். இந்தியாவில் செம்பு குறைவு, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேண்டும். 1960களில் அந்தச் செலாவணிக்குப் பஞ்சம். கேபிள்களில் அலுமினியம் வந்ததற்கு இன்ஜினியர்களின் ஆசை காரணமல்ல, கஜானாவின் நிலைமைதான் காரணம். பழனி மலைக்கு மேற்கே, மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் மின்நிலையம் 1940-ல் வந்தது. அதன் மின்சாரத்தை நம்பி 1943-ல் ஆலுவாயில் அலுமினியம் உருக்கினார்கள். மேட்டூரில் மால்கோ 1965-ல் தொடங்கியது. அதற்கான பாக்சைட் ஏற்காடு, கொல்லிமலைப் பக்கங்களிலிருந்து வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலையிலும் பாக்சைட் இருக்கிறது. மலைத் தண்ணீரில் மின்சாரம், மின்சாரத்தில் மலைக்கல்லிலிருந்து உலோகம், அந்த உலோகத்திலேயே மறுபடி மின்சாரம் போகக் கம்பி! மேட்டூரில் உருக்குவது 2008-ல் நின்றுபோனது.

அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம்தான். அதே வேலைக்கு 1.6 மடங்கு குறுக்குவெட்டுப் பரப்பு வேண்டும். ஆனால் எடை பாதிதான் வரும். கிலோ விலையும் செம்பைவிட மிகக் குறைவு. ஆனால் தடித்த கம்பிக்கு மேலே போடும் இன்சுலேஷன், இரும்புக் கவசம், தோண்டும் பள்ளம் எல்லாம் பெரிதாவதால் லாபத்தில் கொஞ்சம் கரைந்துவிடும்.

இப்போது ஓர் உதாரணம். திண்டுக்கல் மாவட்டம் கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருக்கிறது. அதுபோன்ற ஓர் ஆலையில் 500 கிலோவாட் மோட்டார் ஒன்று, சப்ஸ்டேஷனிலிருந்து 300 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் அது சுமார் 870 ஆம்பியர் இழுக்கும். பெரிய கேபிள்கள் இரண்டு மூன்று சேர்த்துப் போட வேண்டும். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஐயாயிரம் ஆம்பியர்! அதையே 6.6 கிலோவோல்ட்டில் ஓட்டினால் வெறும் 55 ஆம்பியர்.

55 ஆம்பியருக்கு மெல்லிய கேபிளே போதும் என்று தோன்றும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் 20,000 ஆம்பியர் பாயலாம். பிரேக்கர் திறக்கும்வரை கேபிள் அதைத் தாங்க வேண்டும். ஒரு விநாடி தாங்க வேண்டுமானால் எக்ஸ்எல்பிஇ அலுமினியக் கேபிளில் 213 சதுர மி.மீ. வரும், அதாவது கடையில் கிடைக்கும் 240. செம்பில் 150 போதும். ரிலேயை வேகமாக வைத்து கால் விநாடியில் திறக்க வைத்தால் அலுமினியத்திலேயே 120 போதும். ஆக, கேபிளின் அளவை முடிவு செய்வது மோட்டார் அல்ல, ரிலே!

அப்படியானால் 120-ஐ வாங்கிவிடலாமா? கெல்வின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120-ல் இழப்பு சுமார் 0.9 கிலோவாட், 240-ல் அதில் பாதி. வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 3,500 யூனிட் வித்தியாசம். யூனிட் 7 ரூபாய் என்றால் 24,500 ரூபாய். தடித்த கேபிளுக்குக் கூடுதலாக இரண்டு லட்சம் ஆனால், எட்டு வருடத்தில் போட்ட காசு திரும்பும். கேபிள் முப்பது வருடம் இருக்கும். மோட்டார் வருடத்தில் இரண்டே மாதம் ஓடுவதாக இருந்தால் 120-தான் சரி.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடு படலம் பிடிக்கும், அது மின்சாரத்தை விடாது. செம்பு டெர்மினலோடு நேராகச் சேர்த்தால் ஈரத்தில் அரித்துவிடும். அதனால் பைமெட்டல் லக் போட்டு, பேஸ்ட் தடவி, சரியான டையில் அழுத்த வேண்டும். அது தெரியாத கை போட்ட ஜாயின்ட் முதல் மழைக்காலத்திலேயே சூடேற ஆரம்பிக்கும்.