தரவு

'தா' என்னும் வினையடி 'தரு' எனத் திரிந்து 'தரவு' பிறந்தது. வா – வரவு, செல் – செலவு என்ற வரிசையில் வரும் தொழிற்பெயர். தருதல், தரப்படுவது என்பன இதன் நேர்ப்பொருள்.

யாப்பிலக்கணத்தில் கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்றே பெயர்; தாழிசையும் சுரிதகமும் அதன்பின் வருவன. கணினிக் காலத்தில் 'டேட்டா'வுக்கு ஈடாக இச்சொல் புதுவாழ்வு பெற்றது. லத்தீன் மொழியிலும் அச்சொல்லுக்குத் 'தரப்பட்டவை' என்பதே பொருள். ஆகவே ஆக்கம் பழுதற்றது.

சட்டவழக்கில் 'தனிநபர் தரவு' என்பது, ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய விவரம்: பெயர், கைபேசி எண், முகவரி போன்றவை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினியில் ஏறிய விவரங்களுக்கே பொருந்தும். கடைக்காரரின் காகித நோட்டு, கணினியில் ஏற்றப்பட்டால்தான் இதற்குள் வரும். ஒப்புதல் பெற்று வாங்கும் தரவை, சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே நிறுவனம் பயன்படுத்தலாம். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இலங்கையிலும் தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

தரவு என்றால் தந்தது, எடுத்துக்கொண்டது அன்று. பில் போடும் இடத்தில் எண் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.