3-ம் 5-ம் நம் ஊருக்கு வந்த கதை



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். "மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ கார் செய்கிறார்களாம்! எல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகிறது. இங்கே ஸ்க்ரூ முடுக்குகிறார்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்தத் தொழிற்சாலை 2007 மார்ச் 29-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 1,700 கார்கள் பூட்டும் அளவுதான். முதலில் எடுத்துக்கொண்டவை இரண்டே வகை: 3 சீரிஸ், 5 சீரிஸ். ஏன் இந்த இரண்டு?

அதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும். இன்று பணக்காரக் கம்பெனி என்று பேர் வாங்கியிருக்கும் பி.எம்.டபிள்யூ, 1959-ல் கிட்டத்தட்ட முழுகிப்போன கம்பெனி. அவர்களிடம் இருந்தவை ஒரு பக்கம் யாரும் வாங்காத பெரிய கார், இன்னொரு பக்கம் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டி வண்டி. நடுவில் ஒன்றுமில்லை. அந்த டிசம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் போட்டிக் கம்பெனியான டைம்லர்-பென்ஸிடம் போய்விட இருந்தது. சிறு பங்குதாரர்கள் எதிர்த்து நின்றார்கள், பிறகு குவான்ட் என்ற முதலாளி பணம் போட்டார். தப்பித்தது. 1961-ல் காட்டிய 1500 என்ற நடுத்தர அளவுக் கார்தான் கம்பெனியை நிமிர்த்தியது. அதன் வாரிசுதான் 1972-ல் வந்த 5. அதைவிடச் சின்னதாக 1975-ல் வந்தது 3. அதாவது வயிற்றுப்பாட்டுக்குச் சோறு போட்டவை இந்த இரண்டும்தான். புது நாட்டில் கடை விரிப்பவன் எதைக் கொண்டுவருவான்?

முகப்பு ஒன்று, கட்டுமானம் ஒன்று, அளவு மட்டும் வேறு என்பது அவர்கள் வழக்கம். மாமல்லபுரம் பஞ்சபாண்டவ ரதங்களுக்கு உங்களை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? அர்ச்சுன ரதத்தையும் தருமராஜ ரதத்தையும் பாருங்கள். ஒரே அமைப்பு, ஒன்று இரண்டு தளம், மற்றது மூன்று தளம். 3-ம் 5-ம் அப்படித்தான். (அந்த ரதங்களுக்குச் சாலை வரி கிடையாது, அது ஒரு வசதி.)

சரி, "ஸ்க்ரூ முடுக்கும்" விஷயத்துக்கு வருகிறேன். முழுக் காராக இறக்குமதி செய்தால் சுங்க வரி மிக அதிகம், பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் குறைவு. அதற்காகத்தான் தொழிற்சாலையே வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2011 பட்ஜெட்டில் மத்திய அரசு ஒரு பிடி போட்டது. என்ஜினும் கியர்பாக்ஸும் அங்கேயே பூட்டி வந்தால் குறைந்த வரிச் சலுகை இல்லை என்றது. 2015-ல் பார்த்தால், என்ஜின், கியர்பாக்ஸ் பூட்டும் வேலையை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இங்கேயே செய்தது. இருக்கைகள், கதவுப் பலகைகள், வயரிங், புகைக்குழாய் எல்லாம் இந்தியாவில் உள்ள கம்பெனிகளிடமிருந்து வாங்கினார்கள். பாதி வரை உள்நாட்டுப் பங்கு என்று கம்பெனி அறிவித்தது. டெண்டுல்கர் வந்து என்ஜின் பொருத்திய படம்கூடப் பேப்பரில் வந்ததே! வரி விதிப்பவன் நினைத்தால் வேலை ஊருக்கு வரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நம் மாவட்டத்துக்குப் பெட்டியில் கார் வருவது இது முதல் முறையல்ல. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்ததை வயதானவர்கள் அறிவீர்கள். 1961-ல் அவர்கள் ஆரம்பித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இங்கிலாந்துப் பாகங்களோடுதான் தொடங்கியது. வருடங்கள் போகப் போக எல்லாம் இங்கேயே செய்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெரு டாக்டரிடம் ஒன்று இருந்தது. இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டிய பாட்டி, முன் சீட்டை மடக்கி நுழைவதற்குள் பாதி வசவு முடிந்துவிடும். பாட்டிகளின் வசவு வண்டலூர் வரை கேட்டதோ என்னவோ, பிறகு நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்திலேயே இல்லாத வண்டி அது!

அதே கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசுக் கார் விட்டது. ரோவர் உடம்பு, அரதப் பழசான என்ஜின். விலை கூடுதல், பெட்ரோல் குடி. மூன்று வருடத்தில் கம்பெனியே மூடியது. எத்தனை குடும்பங்கள்!

இப்போது 3-க்கும் 5-க்கும் என்ன நடந்தது பாருங்கள். 2021-ல் 3 சீரிஸில் 11 செ.மீ. நீட்டிய வகை வந்தது. 2024-ல் 5 சீரிஸும் நீண்டது. வலதுபக்க ஸ்டீயரிங் நாடுகளில் இந்த நீண்ட 5-ஐ முதலில் பெற்றது இந்தியாதான். இரண்டும் நம் பரனூர்ப் பக்கம் பூட்டப்படுபவை. நீட்டியது எங்கே? பின் சீட்டில். ஜெர்மன்காரர் தானே ஓட்டி மகிழ்வதற்காகச் செய்த வண்டியில், நம் முதலாளி டிரைவர் வைத்துப் பின்னால் சாய்ந்துதானே போகிறார்! நீட்டும் யோசனை முதலில் சீனாவுக்காக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹெரால்டின் நான்கு கதவு நமக்காகவே யோசித்தது. அந்தக் கணக்கில் வண்டலூர்தான் எனக்கு ஒரு படி மேல்.

1,700-ல் ஆரம்பித்த அந்தத் தொழிற்சாலை 2021-ல் ஒரு லட்சமாவது காரை வெளியே அனுப்பியது. அதற்கடுத்த வருடமே பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது. கூட்டிப் பார்த்தால், ஸ்க்ரூ முடுக்குவதைக் கேலி செய்யும் நிலையில் நாம் இல்லை. ஆனால் வண்ணம் பூசிய கூடு இன்னும் கப்பலில்தான் வருகிறது. அந்தக் கூட்டை இங்கே வார்த்து, ஒட்டி, வண்ணம் பூசும் நாள் வருமா என்று குழுவில் கேளுங்கள், அது சரியான கேள்வி.

அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள், எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள், என்ன பூட்டுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து சாப்பிட்டுவிட்டு எழுதினால் போதும்.