தீவகத்தில் மின்னலும் வானொலியும்

மாரிகாலத்து மாலையிலே தொலைவில் இடி முழங்கியதும், தீவகத்து வீடுகளில் மூத்தோர் முதலிற் செய்யும் காரியம் வானொலிப் பெட்டியின் செருகியைக் கழற்றுவதாகும். இவ்வழக்கத்தை வீணான அச்சமென்று எள்ளுதல் எளிது. ஆயின், அதன் பின்னே இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

மின்னல் என்பது மின்சாரமே என்பது 1752ஆம் ஆண்டில் நடந்த சோதனைகளால் நிலைநாட்டப்பட்டது. அதனையொட்டிப் பெஞ்சமின் பிராங்கிளின் வகுத்த இடிதாங்கியின் தத்துவம் மிக எளியது. மின்னலை மறிக்க எவராலும் இயலாது. அது நிலத்தை அடைவதற்கு இலகுவான வழியொன்றை வகுத்துக் கொடுக்கலாம். வெள்ளத்தை நிறுத்த முடியாத கமக்காரன் வாய்க்கால் வெட்டி விடுவதை இது ஒக்கும். பின்வந்த காப்புக் கருவிகள் பலவும் இத்தத்துவத்தின் வழிவந்தவையே.

1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. நிலையத்துக்குத் தொலைவில் வாழ்ந்தோர் தெளிவாகக் கேட்கக் கூரைக்கு மேலே ஏரியற் கம்பியை உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஒலியலையைக் கொணர்ந்த அக்கம்பியே மின்னலுக்கும் வாயிலாயிற்று. ஆதலின், கேளாத வேளையில் ஏரியலை நேரே நிலத்துடன் இணைத்துவிடும் சுவிட்சு ஒன்றைச் சன்னலருகே பொருத்தும் முறை பல நாடுகளிலும் கைக்கொள்ளப்பட்டது.

மின்னல் வீட்டின்மேல் விழவேண்டும் என்பதில்லை. மின்கம்பியின் அருகே விழுந்தாலும் அக்கம்பியின் அழுத்தம் கணப்பொழுதில் பல்லாயிரம் வோல்ற்றாக உயரக்கூடும். 230 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட கருவி அதனை எங்ஙனம் தாங்கும்? பழைய வால்வுப் பெட்டிகள் ஓரளவு தாங்கின. திரான்சிற்றரும் அதன் வழிவந்த நுண்ணிய உறுப்புகளும் எளிதிற் கருகின. 1960களின் இறுதியில் யப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தார் நாக ஒட்சைட்டினாலான வில்லையொன்றை உருவாக்கினர். அழுத்தம் அளவாயிருக்கையில் அது மின்னை மறிக்கும். மிகுந்தால் வழிதிறந்து வேறு பக்கம் திருப்பிவிடும். இன்று கடைகளில் விற்கப்படும் காப்புப் பலகைகள் பலவற்றுள் இருப்பது இவ்வில்லையே. எனினும், தாங்கும் ஒவ்வோர் அதிர்ச்சியிலும் அது தேய்கின்றது.

திருப்பிவிடப்பட்ட மின்னுக்குப் போக்கிடம் வேண்டுமன்றோ? இங்கேதான் தீவகத்தின் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நெடுந்தீவில் வேலிகளும் கடற்பாறைக் கற்களாலேயே அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். மண் ஆழமின்றிப் பரந்திருக்க, கீழே சுண்ணக்கல் கிடக்கின்றது. உலர்ந்த கல் மின்னை எளிதில் ஏற்பதில்லை. ஆதலால் நிலக்கம்பி புதைக்கும் குழியில் கரியும் உப்பும் இட்டு, ஈரங் காத்தல் இன்றியமையாதது. நல்ல நிலத்தொடுப்பு இல்லாத வீட்டில் விலையுயர்ந்த காப்புப் பலகையும் அரைக்காவலே.

மின்சாரம் வரும் வழியும் தீவுக்குத் தீவு வேறுபடும். பாலங்களால் யாழ்ப்பாணத்துடன் இணைந்த ஊர்காவற்றுறை நாட்டின் பெருமின்வலையைச் சார்ந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன டீசல் இயந்திரங்களை நம்பி வாழ்ந்தவை. இம்மூன்றுக்கும் சூரியவொளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சு மாதத்தில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சிறிய இயந்திரத்தின் அழுத்தம் சுமைக்கேற்பத் தளம்பும். பெருவலையும் தவறாததன்று, 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்றால் நேர்ந்த தடையால் நாடே இருண்டது. மின் மீளும் கணத்திலும் அழுத்தம் தளம்பக்கூடும் என்பதால், சற்றுப் பொறுத்துச் செருகியை இடுதல் நன்று.

ஆயினும் ஓர் இக்கட்டு எஞ்சுகின்றது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் வட இலங்கையைத் தாக்கிய புயல் அன்றிரவே கடல் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. கடலை நம்பிய மக்களுக்குப் புயற்செய்தி உயிர்ச்செய்தியாகும். இடிகண்டு அணைக்க வேண்டிய பெட்டியே அச்செய்தியைத் தரும் பெட்டியுமாயின் என் செய்வது? இதற்கு விடை பற்றறியில் இயங்கும் சிறு வானொலியே. 1990இற்குப் பின் குடாநாட்டில் மின்சாரமும் பற்றறியும் அரிதான நாட்களில், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே செய்தி கேட்டனர். வெளிக்கம்பி எதனுடனும் தொடர்பில்லாத அவ்வானொலிக்கு மின்கம்பி வழியே வரும் கேடு எதுவும் இல்லை.

ஆகவே, பெரிய பெட்டியின் செருகியை இடி நெருங்குமுன் கழற்றுக. சிறிய பெட்டியைச் செய்திக்காகத் திறந்து வைக்க. முன்னோர் கைப்பழக்கமும் விஞ்ஞானமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.