கடனாளிகளின் சிறையும் தேவாலயப் பாடகரும்

சமய இசையைப் பற்றிப் பேசுமிடத்து, அஃது இம்மைத் துயரை மறக்கச் செய்யும் மயக்கமே என்று கூறி அமைந்துவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்று முற்றும் பொருந்துமா? வரலாற்று நிகழ்ச்சியொன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1740, 1741ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தைக் கடுங்குளிரும் பெரும் பஞ்சமும் வாட்டின. அக்காலத்தில் கடனைத் தீர்க்க இயலாதவனைச் சிறையில் அடைப்பதற்குச் சட்டம் இடமளித்தது. அடைபட்டவன் உழைத்துப் பொருளீட்ட வழியில்லை. காவலருக்குரிய கட்டணத்தையோ அவனே செலுத்தல் வேண்டும். ஆகவே, கடனுக்காகச் சிறை புகுந்தவன் அச்சிறையினாலேயே மேலும் கடனாளியானான். வறுமையே குற்றமாயிற்று.

இந்நிலையிலேதான் ஜோர்ஜ் பிரெடெரிக் ஹண்டெல் டப்ளின் நகருக்கு வந்திருந்தார். 1742 ஏப்பிரல் 13ஆந் திகதி, பிஷம்பிள் வீதி இசை மண்டபத்தில் அவரது 'மெசையா' முதன்முறையாக அரங்கேறியது. தூய பத்திரிக்கு தேவாலயத்தினதும் கிறிஸ்து தேவாலயத்தினதும் பாடகர்களே கூட்டிசை பாடினர். மேலும் பலர் அமர இடம் வேண்டுமென்று, பெண்கள் வளையப் பாவாடையின்றியும் ஆடவர் வாளின்றியும் வருமாறு வேண்டப்பட்டனர். ஏறத்தாழ 700 பேர் திரண்டனர். சுமார் 400 பவுண் சேர்ந்தது. அப்பணம் இரு வைத்தியசாலைகளுக்கும் கடன்பட்ட கைதிகளின் மீட்சிக்கும் பகிரப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர்.

அப்பாடகர் மண்டபமேறியது எளிதில் நிகழ்ந்ததன்று. தூய பத்திரிக்கு தேவாலயத்தின் தலைவராயிருந்தவர் ஜொனதன் சுவிப்ற். அயர்லாந்து மக்களின் வறுமையைக் கண்டு கொதித்தெழுதிய அப்பேனா வீரரே, நோயுற்ற முதுமையில், தம் பாடகர் பொது மண்டபத்திற் பாடலாகாதென 1742 ஜனவரியில் தடை விதித்தார். பின்னரே தடை நீங்கியது. கோவிலுக்கும் வீதிக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் எத்துணை உறுதியானது என்பதை இது காட்டுகின்றது.

ஹண்டெலை நாம் புனிதராக்க வேண்டியதில்லை. அடிமை வாணிபம் நடத்திய ஆபிரிக்கக் கம்பனியில் அவர் 1720இல் பங்கு வைத்திருந்தார் என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். கடனாளியின் விலங்கை அறுக்க உதவிய கரமே, கறுப்பின மக்களின் விலங்கினாற் கிடைக்கும் இலாபத்தையும் நாடியது. தனி மனிதரின் இரக்கம் எந்த எல்லையில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அயர்லாந்தில் கடனுக்காகச் சிறையிடும் முறையைப் பெருமளவில் ஒழித்த சட்டம் 1872இலேயே வந்தது. இசை 142 பேரை வெளிக்கொணர்ந்தது. அவர்களை உள்ளே தள்ளிய சட்டமோ மேலும் 130 ஆண்டுகள் நிலைத்தது. ஆயினும், விடுதலை பெற்று வீடு திரும்பிய அந்த 142 பேருக்கு அவ்விசை மயக்கமன்று, வாழ்வு. அதனை நாம் இகழ்தலாகாது. அதனோடு அமைதலும் ஆகாது. கைதியை மீட்கும் கலையும் சிறையைத் தகர்க்கும் இயக்கமும் ஒன்றையொன்று நாட வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.