கோயில்பிள்ளைத் தாத்தாவும் ஒரு சுவரும்

புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் ஒரு காலத்தில் சுவர் இருந்தது என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பங்கின் கோயில்பிள்ளைத் தாத்தா. விடியற்காலை மணியடிப்பதும், தீர்த்தத் தொட்டியை நிரப்புவதும், பூசைக்கு உதவும் எங்களைப் போன்ற பையன்களை அதட்டுவதும் அவர் வேலை. சுவருக்கு ஒரு பக்கம் ஊர்க்காரர், மறுபக்கம் சேரிக்காரர் என்று அவர் சொன்னபோது, கதை விடுகிறார் என்றே நினைத்தேன். பள்ளியில் துய்ப்ளேக்ஸின் போர்களைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பாடத்தில் சுவர் ஏதும் இல்லை.

அரசு வேலைக்கு வந்த பிறகுதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தேன். 1745 அக்டோபரில் அந்தச் சுவர் வருகிறது. சேரிக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்று முறையிட, அவர் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டாராம். அப்போது கவர்னர் அதே துய்ப்ளேக்ஸ்தான்!

அன்று மாலையே தாத்தாவைப் பார்க்கப் போனேன். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒரு திருத்தமும் சொன்னேன். "தாத்தா, நீங்க சொன்ன சுவர் இப்ப இருக்கிற கோயில்ல இல்ல. 1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடிச்சப்போ அந்தக் கோயிலையே இடிச்சிட்டான். இது 1791ல கட்டி முடிச்சது."

அவர் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே சொன்னார்: "சுவரும் போச்சு, கோயிலும் போச்சு. பிரிஞ்சு உக்காருற பழக்கம் போச்சா, தம்பி?"

அவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களுக்குச் சாமியார் பாதம் கழுவுவார். இது 1955இல் பாப்பரசர் செய்த மாற்றத்தால் பூசைக்குள் வந்தது. பன்னிரண்டு பேரையும் உட்கார வைப்பது தாத்தாவின் பொறுப்பு. நான் சிறுவனாக இருந்த ஒரு வருடம், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் அவரிடம் வந்து, இரண்டு பெஞ்சாகப் போடும்படி சொன்னார்கள். எதற்கு இரண்டு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

தாத்தா சரி என்று தலையாட்டினார். மதியம் ஊர் தூங்கும் நேரத்தில் என்னையும் இன்னொரு பையனையும் கூப்பிட்டார். குட்டைப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மூவரும் மணிக்கூண்டுப் படியேறினோம். குறுகலான படி. முட்டி பெயர்ந்துவிட்டது. மேலே பழைய சுரூபங்களுக்குப் பின்னால் அதை நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடினார்.

மாலையில், "ஒரு கால் ஆட்டம். தச்சன்கிட்ட போயிருக்கு" என்றார். நீளப் பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு பேரும் அதில் நெருக்கியடித்து, ஊர்த் தோளும் சேரித் தோளும் உரச உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார். அந்த இடத்தில் தாத்தாவே உட்கார்ந்து காலை நீட்டினார். சாமியார் எதுவும் பேசாமல் மண்டியிட்டுக் கழுவிக்கொண்டே வந்தார். பூசைப் பாத்திரத்தைத் திருடியவன் போல என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த வருடமும் கேட்டார்கள். தச்சன் இன்னும் தரவில்லை என்றார். அதற்கடுத்த வருடமும் அதே பதில். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

தாத்தா இறந்தபோது நான் உத்தியோகத்தில் இருந்தேன். பெட்டியை நடுக்கோயிலில் வைக்க இன்னொரு பெஞ்சு வேண்டும் என்றார்கள். நான் மணிக்கூண்டில் ஏறினேன். சாக்கு மக்கிப் போயிருந்தது. பெஞ்சை இறக்கித் தூசு தட்டி வைத்தேன். நான்கு காலும் ஆடாமல் நின்றன.